வைக்கோல் எவ்வளவு, அடர்தீவனம் எவ்வளவு: கடலூர், புதுச்சேரிப் பகுதிக் கறவை மாடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்ததும், காட்டுமன்னார்கோயிலில் தொடங்கிப் பாகூர் வரை வயல்களில் வைக்கோல் கட்டும் இயந்திரங்கள் இறங்கிவிடுகின்றன. அவை உருட்டிப் போடும் கட்டுகள்தாம் இப்பகுதிக் கறவை மாடுகளுக்கு அடுத்த தை வரையிலான சாப்பாடு. அந்தக் கட்டுகளோடு எவ்வளவு தவிடு, எவ்வளவு புண்ணாக்கு, எவ்வளவு மூட்டைத் தீவனம் என்று அடர்தீவனத்தைச் சேர்ப்பது என்பதில்தான் பெரும்பாலான வீடுகளில் கணக்குத் தவறுகிறது. பால் குறைந்தால் தீவனத்தைக் கூட்டுகிறோம். பால் ஏறாமல், அதன் கொழுப்பு மட்டும் இறங்குகிறது. மறுபடியும் தீவனத்தைக் கூட்டுகிறோம். மாட்டுக்குத் தீவனம் போடுவதற்கு முன் அதன் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களுக்குத் தீவனம் போட வேண்டும் என்பதை மறந்துவிடுவதே இந்தச் சுழலுக்குக் காரணம். வைக்கோலைச் செரிப்பது மாடு அல்ல, அந்த நுண்ணுயிர்கள்தாம். அவற்றைப் பட்டினி போட்டுவிட்டு மேலே எத்தனை கிலோ கொட்டினாலும் பணம் சாணமாகத்தான் போகும்.

வைக்கோலில் இருப்பதும் இல்லாததும்

காய்ந்த நெல் வைக்கோலில் பத்தில் ஒன்பது பங்கு உலர் பொருள், அதாவது ஈரம் போக மிஞ்சுவது, இருக்கிறது. அந்த உலர் பொருளில் புரதம் 3 முதல் 4 விழுக்காடு மட்டுமே; செரித்து உடலில் சேரும் மொத்தச் சத்து ஏறத்தாழ 40 முதல் 45 விழுக்காடு. முதல் வயிற்று நுண்ணுயிர்கள் பெருகி நார்ப்பொருளை உடைப்பதற்கு மொத்த உணவில் குறைந்தது 7 விழுக்காடு புரதமாவது வேண்டும். வைக்கோல் மட்டும் தின்னும் மாட்டின் வயிற்றில் இந்த அளவு எட்டாததால், நார் உடையாமல் அப்படியே தங்குகிறது. வயிறு நிறைந்தே இருப்பதால் மாடும் மேற்கொண்டு தின்பதில்லை. விலா எலும்பு தெரியும் மாடு வயிறு மட்டும் உப்பி நிற்பதற்கு இதுவே காரணம்.

நெல் வைக்கோலுக்கு இன்னும் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, மணற்சத்தான சிலிக்கா மிகுதியாக இருப்பதால் செரிமானம் தடைப்படுகிறது. மற்றப் பயிர்களில் தண்டைவிட இலை எளிதாகச் செரிக்கும். நெல்லிலோ சிலிக்கா இலையில் மிகுதி என்பதால் இலையைவிடத் தண்டே நன்றாகச் செரிக்கிறது. அறுவடை இயந்திரம் உயரத்தில் அறுக்கும்போது நல்ல பகுதி தாளாக வயலிலேயே நின்றுவிடுகிறது. வைக்கோல் வீட்டு மாட்டுக்கு வேண்டும் என்றால், கூடுமானவரை தாழ்த்தி அறுக்கும்படி இயந்திரக்காரரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. இரண்டாவது குறை, வைக்கோலிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்கிறது. பாஸ்பரஸோ வைக்கோலில் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே, தாது உப்புக் கலவை இல்லாத வைக்கோல் உணவு எந்தக் கணக்கிலும் முழுமையாகாது.

முதல் படி: மாட்டை அளந்து எடை காணுதல்

கண் மதிப்பு பெரும்பாலும் ஏமாற்றும். தையல் நாடா ஒன்று போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால், திமிலுக்கு அடுத்தாற்போல நெஞ்சைச் சுற்றி வரும் அளவைச் சென்டிமீட்டரில் எடுக்கவும். தோள் முனையிலிருந்து பின்பக்கத்து இடுப்பெலும்பு முனை வரையிலான நீளத்தையும் எடுக்கவும். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வரும் தொகையை நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 170, நீளம் 150 என்றால் எடை சுமார் 400 கிலோ. மாடு நேராக நிற்கும்போது, காலையில் தீவனத்துக்கு முன் அளப்பது சரியான நேரம்.

வைக்கோல் கட்டையும் ஒருமுறை தராசில் ஏற்றிவிடவும். ஒரே வயலில் உருட்டிய கட்டுகளே இயந்திரத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ப எடை மாறும். "நாளைக்கு அரைக் கட்டு" என்பது அளவே அல்ல. ஐந்து கட்டுகளை நிறுத்துச் சராசரி எடுத்தால்தான் அரைக் கட்டு எத்தனை கிலோ என்று தெரியும். மூட்டைத் தீவனம் அளக்கும் படிக்கும் இதே கதிதான்: ஒரு படித் தவிடும் ஒரு படிப் புண்ணாக்குத் தூளும் ஒரே எடையல்ல.

இரண்டாம் படி: தேவையைக் கணக்கிடுதல்

400 கிலோ எடையுள்ள, நாளுக்கு 10 லிட்டர் பால் தரும் ஜெர்சி கலப்பினப் பசுவை எடுத்துக்கொள்வோம். கலப்பினக் கறவை மாடு உடல் எடையில் 2.5 முதல் 3 விழுக்காடு வரை உலர் பொருள் தின்னும். இந்த மாட்டுக்கு அது 12 கிலோ. உடலைப் பராமரிக்கச் சுமார் 3.1 கிலோ செரிக்கும் சத்தும், 4 விழுக்காடு கொழுப்புள்ள பாலுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 320 கிராமும் தேவை. ஆக மொத்தம் 6.3 கிலோ. புரதம், உடலுக்கும் பாலுக்கும் சேர்த்து, சுமார் 1.25 கிலோ.

இப்போது வைக்கோலை மட்டும் வைத்துப் பாருங்கள். மாடு வயிறு நிறைய 8 கிலோ தின்றாலும் அதிலிருந்து கிடைக்கும் செரிக்கும் சத்து ஏறத்தாழ 3 கிலோதான். புரதம் 250 கிராம்தான். அதாவது உடலைத் தாங்கவே சரியாக இருக்கும். புரதக் கணக்கில் அதற்கும் போதாது. பாலுக்கு வேண்டியது முழுவதும் வேறெங்கிருந்தோ வர வேண்டும்.

மூன்றாம் படி: சுற்றியுள்ளவற்றைப் பட்டியலிடுதல்

அடர்தீவனத்துக்குக் கைநீட்டும் முன், நம் வட்டாரத்தில் வைக்கோலைவிட மேலான என்னென்ன பயிர்க்கழிவுகள் கிடக்கின்றன என்று பார்க்க வேண்டும். நான் முதலிடம் தருவது மல்லாட்டைக் கொடிக்கு. நிலக்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் காடுகளில், காய் பறித்தபின் இலை உதிராமல் நிழலில் உலர்த்திய கொடியில் புரதம் 8 முதல் 10 விழுக்காடு வரை இருக்கிறது. செரிக்கும் சத்தும் வைக்கோலைவிட நன்றாக மிகுதி. ஆனால் இலை உதிர்ந்து, மண் ஒட்டி, வேரோடு வரும் கொடிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. கொடியை உதறி, வேர்ப்பகுதியை நறுக்கிவிட்டுப் போட வேண்டும்.

சிதம்பரம், புவனகிரி, குமராட்சிப் பக்கத்தில் நெல் தரிசில் விளையும் உளுந்து, பயறு ஆகியவற்றின் காய்ந்த செடியும் தோலும் ஏறத்தாழ இதே தரம். களத்தில் அடித்த பின் அவற்றைக் கொளுத்திவிடுவதையோ மழையில் மட்க விடுவதையோ பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. ஒரு மாட்டுக்காரர் அதே வாரத்தில் புண்ணாக்குக் கடையில் கடன் சொல்லிக்கொண்டிருப்பார்.

நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் கரும்பு வெட்டும் மாதங்களில் பச்சைத் தோகை மலிவாகவே கிடைக்கும். அதில் ஈரம் 70 விழுக்காடு. புரதம் குறைவானாலும் வைக்கோலைவிட மேல், மாடும் விரும்பித் தின்னும். நறுக்கி, நாளுக்கு 10 கிலோ அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. இதிலும் ஆக்சலேட் உண்டு. காய்ந்த சோகையைத் தோகையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; சோகை தீவனமாகாது. மங்களூர், வேப்பூர்ப் பக்கத்து மக்காச்சோளத் தட்டையை நறுக்கிப் போட்டால் வைக்கோலைவிட நன்றாகச் செரிக்கும். நறுக்காமல் போட்டால் பாதி காலடியில் கிடக்கும்.

பசுந்தீவனத்துக்குப் போர்செட் உள்ளவர்கள் பத்துச் சென்ட்டில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும், வரப்போரத்தில் வேலிமசாலோ அகத்தியோ வைத்துக்கொண்டால் போதும். நேப்பியர் பசியை ஆற்றும். வேலிமசாலும் அகத்தியும் புரதம் தரும். இடமே இல்லாத வீடுகளுக்கு வேலியோரத்துக் கிளைரிசிடியா இருக்கிறது. முதல் சில நாள் மாடு முகத்தைத் திருப்பும்; ஒரு பொழுது வாடவிட்டு வைக்கோலோடு கலந்தால் பழகிவிடும்.

நான்காம் படி: தட்டில் சேர்த்துப் பார்த்தல்

பொதுவான அளவுகோல் இது: உலர் பொருள் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு நார்த்தீவனமும் ஒரு பங்கு அடர்தீவனமும் இருக்க வேண்டும். நம் மாட்டுக்கு இதைப் பொருத்துவோம்.

பசுந்தீவனம் கிடைக்கும் காலத்தில் வைக்கோல் 5 கிலோ, நேப்பியர் 15 கிலோ, அடர்தீவனம் 5 கிலோ போதும். இதில் உலர் பொருள் சரியாக 12 கிலோ, செரிக்கும் சத்து 6.7 கிலோ, புரதம் 1.35 கிலோ அளவில் வரும். நாருக்கும் அடர்தீவனத்துக்கும் உள்ள விகிதம் 62-க்கு 38. வைக்கோலில் 2 கிலோவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நல்ல மல்லாட்டைக் கொடி 2 கிலோ வைத்தால் புரதம் 100 கிராம் கூடுகிறது. அப்போது அடர்தீவனத்தை அரைக் கிலோ குறைத்தாலும் பால் அசையாது.

பங்குனிக்கு மேல் பச்சை அற்றுப்போன காலத்தில் வைக்கோல் 7 கிலோவும் அடர்தீவனம் 6 கிலோவும் வேண்டியிருக்கும். செரிக்கும் சத்து 6.4 கிலோ, புரதம் 1.3 கிலோ, கணக்கு நேராகிவிடுகிறது. "உடலுக்கு 2 கிலோ, ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ" என்று நெடுநாளாகச் சொல்லப்படும் கைக்கணக்கும் இதையே தருகிறது. ஆனால் விகிதம் 54-க்கு 46 என்று நெருங்கிவிட்டதைக் கவனிக்க வேண்டும். இந்த எல்லையில்தான் வயிற்றுப் புளிப்பு காத்திருக்கிறது. எனவே இந்தக் காலத்தில் அடர்தீவனத்தை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கவும். ஒரே வேளையில் இரண்டரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம். சோடா உப்பு 50 கிராமைத் தீவனத்தில் கலப்பதும் உதவும்.

ஐந்தாம் படி: வைக்கோலையே மேம்படுத்துதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்று ஒருவர் சொன்னால், இதைச் செய்யுங்கள் என்பேன். 100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 60 லிட்டர் தண்ணீர்; 21 நாள் காற்றுப் புகாமல் மூடி வைத்தல். செலவு இவ்வளவே.

வேலையை ஐந்தாகப் பிரித்துக்கொள்வது எளிது. தரையில் தார்ப்பாயை விரித்து 20 கிலோ வைக்கோலைப் பரப்பவும். 800 கிராம் யூரியாவைச் சுமார் 11 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, பூவாளியால் எல்லாப் பக்கமும் படும்படி தெளிக்கவும். ஏறி நன்றாக மிதிக்கவும். அடுத்த அடுக்கு அதன்மேல். மிதிப்பதில் சோம்பினால் உள்ளே காற்று நின்று பூஞ்சணம் பிடிக்கும். ஐந்து அடுக்கும் முடிந்ததும் பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் மண் அணைக்கவும். உள்ளே யூரியா உடைந்து அமோனியாவாகி நாரின் கட்டுகளைத் தளர்த்துகிறது. ஒரு பங்கு அமோனியா வைக்கோலிலேயே தங்கி நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்தாகிறது. திறக்கும்போது வைக்கோல் பழுப்பேறி, மெத்தென்று, கண் கரிக்கும் நெடியோடு இருந்தால் சரியாக வந்திருக்கிறது என்று பொருள். நெடியே இல்லையென்றால் எங்கோ காற்றுப் புகுந்திருக்கிறது.

அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, ஒரு மணி நேரம் காற்றாட விட்டுப் போடவும். முதல் நாள் 1 கிலோ, பிறகு ஒரு வாரத்தில் முழு அளவு. புரதம் 7 விழுக்காட்டுக்கு மேல் ஏறுவதால், பச்சை இல்லாத காலத்தில் மேலே சொன்ன 6 கிலோ அடர்தீவனம் 5 கிலோவாக இறங்கினாலும் கணக்கு ஏறத்தாழ நிற்கும்.

எச்சரிக்கை: யூரியாவைக் குடிதண்ணீரிலோ கழுநீரிலோ ஒருபோதும் கரைத்துக் கொடுக்கக் கூடாது, அது நஞ்சு. கரைசல் வாளியை மாடு எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்கு இந்த வைக்கோல் ஆகாது. தவறி யூரியாக் கரைசலைக் குடித்த மாடு நடுங்கி, வாயில் நுரை தள்ளி, வயிறு உப்பும். அந்த நேரத்தில் வினிகர் புகட்டலாம், ஆனால் மருத்துவரை அழைக்கும் வேலை அதற்கும் முந்தியது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதைத் தொடங்க வேண்டாம். வைகாசி முதல் ஆவணி வரை வசதியான காலம்.

ஆறாம் படி: அடர்தீவனத்தை வீட்டில் கலத்தல்

100 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 35 கிலோ, கடலைப் புண்ணாக்கு 20, தேங்காய்ப் புண்ணாக்கு 10, எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு 12, கோதுமைத் தவிடு 10, உளுந்துப் பொட்டு 10, தாது உப்புக் கலவை 2, சமையல் உப்பு 1. இதில் புரதம் ஏறத்தாழ 18 முதல் 19 விழுக்காடு வரும். மேலே போட்ட கணக்குகள் எல்லாம் இந்தத் தரத்தை வைத்தே போடப்பட்டவை. மக்காச்சோளத்தை மாவாக அரைக்க வேண்டாம். இரண்டு மூன்றாக உடைந்தால் போதும். புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பார்த்து, சிக்கு வாடையோ பச்சைப் பூஞ்சணமோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடவும். கடலைப் புண்ணாக்கில் பிடிக்கும் பூஞ்சணத்தின் நஞ்சு பாலிலும் இறங்கும்.

அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு குறைவு. வைக்கோலும் நேப்பியரும் இருக்கிற சுண்ணாம்பையும் பிடித்துக்கொள்கின்றன. கன்று ஈன்ற மூன்றாம் நாள் மாடு எழாமல் படுத்துக்கொள்வதும், சினைக்கு வராமல் தள்ளிப்போவதும் பல வீடுகளில் இந்தக் கணக்கின் விளைவாகவும் இருக்கக்கூடும்.

தீவனத்தைக் கழுநீரில் கஞ்சியாகக் கரைத்துக் குடிக்க வைக்கும் பழக்கத்தைப் பற்றி ஒரு சொல். நம் பக்கம் அது பாசத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மாடு சளப்சளப்பென்று குடிப்பதைப் பார்க்க நமக்கும் திருப்தி. ஆனால் மாடு மெல்லாத தீவனத்தோடு உமிழ்நீர் சேர்வதில்லை. நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் ஊறும் அந்த உமிழ்நீர்தான் வயிற்றுப் புளிப்பை முறிக்கும் மருந்து. தீவனத்தை லேசாகப் பிசறி, உருண்டை பிடிக்கும் பதத்தில் வைக்கவும். தண்ணீரைத் தனியாக, நாள் முழுதும் கிடைக்கும்படி வைக்கவும். காலையில் முதலில் ஒரு கை வைக்கோல், அதன் பிறகு தீவனம் என்ற வரிசையும் முக்கியம்.

ஏழாம் படி: மாற்றத்தை மெதுவாகச் செய்தல்

எந்தத் தீவன மாற்றத்துக்கும் 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மாட்டுப் பொங்கலன்று, ஆளுக்கொரு கை என்று எல்லாரும் பொங்கலும் சோறும் ஊட்டியதில் ஒரு பசுவின் வயிற்றில் எத்தனை கிலோ போனது என்று யாரும் பார்க்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் அது அசை போடாமல் கழுத்தை மடித்துப் படுத்திருந்தது. சாணம் கூழாக, புளித்த மாவின் வாடையோடு. வயிற்றின் அமிலநிலை எண் (pH; இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5-க்குக் கீழே இறங்கிவிட்டால் நார் உடைக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். ஊசியும் மருந்தும் மாட்டைக் காப்பாற்றின. அந்த ஈற்றில் பால் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. பண்ருட்டிப் பக்கத்தில் பலாப் பருவத்தில் சடையும் பழமும் அளவின்றித் தின்ற மாடுகளுக்கும் இதே நிலை வரும். பலாச் சடையை வீணாக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று கிலோவில் தொடங்கி, வைக்கோலோடு கலந்து கொடுக்கலாம்.

எட்டாம் படி: மாடு சொல்வதைப் படித்தல்

மதியம் மாடுகள் படுத்திருக்கும்போது பாருங்கள். பாதிக்கு மேற்பட்டவை அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கவளம் தொண்டையில் ஏறுவதிலிருந்து அது மறுபடி இறங்கும் வரை தாடை எத்தனை முறை அசைகிறது என்று எண்ணினால் 50-க்கு மேல் வர வேண்டும். 40-க்குக் கீழே இருந்தால் நார் போதவில்லை, அல்லது அளவுக்கு மீறிப் பொடியாக நறுக்கிவிட்டோம் என்று பொருள். வைக்கோலை இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் நறுக்கினால் இந்தச் சிக்கல் வராது.

சாணம் கெட்டியாக, வளையம் வளையமாக அடுக்கியது போல் விழுந்தால் வைக்கோல் மிகுதி, புரதம் குறைவு. நுரையோடு தளர்ந்து, உடைந்த சோளம் தெரிந்தால் அடர்தீவனம் மிகுதி. பால் சங்கத்துச் சீட்டில் கொழுப்பு ஒரு வாரத்துக்குள் 4-இலிருந்து 3.3-க்கு இறங்கினால், கறவையாளரைச் சந்தேகிக்கும் முன் நார் குறைந்ததா என்று பார்க்கவும்; கொழுப்பு நிற்க, எஸ்.என்.எஃப். (கொழுப்பல்லாத திடப்பொருள்) மட்டும் சரிந்தால் பெரும்பாலும் சத்துப் பற்றாக்குறை.

எருமைக்கு இரண்டு லிட்டர் பாலுக்கு 1 கிலோ அடர்தீவனம் என்று வைத்துக்கொள்ளலாம். கறவை வற்றிய சினை மாட்டுக்குக் கடைசி இரண்டு மாதத்தில் உடலுக்கான 2 கிலோவோடு 1 கிலோ கூட்டவும். வெள்ளாட்டுக்கு வைக்கோலைத் திணிக்க வேண்டாம். மல்லாட்டைக் கொடி, உளுந்துச் செடி, தழை ஆகியவையே அதன் உணவு. உள்ளூர் அளவுகளை உறுதி செய்துகொள்ள, கடலூரில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக மையத்திலோ விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்கலாம். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

இத்தனை கணக்கும் வைக்கோல் கெடாமல் இருந்தால்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது இந்தக் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான். நம் கரையில் மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை. கட்டுகளைத் தரையில் அடுக்காமல், கல்லோ பலகையோ போட்டு ஓர் அடி உயர்த்தி, உச்சியைக் கூம்பாக்கி, புரட்டாசிக்குள் தார்ப்பாய் கட்டிவிடவும். மழைக்குப் பிறகு போரில் கைவிட்டுப் பார்க்கும்போது சூடும் புழுங்கிய வாடையும் இருந்தால் அந்தப் பகுதியைப் பிரித்து உலர்த்தவும். கறுத்தும் வெண்பூஞ்சணம் பூத்தும் போன கட்டை மாட்டுக்கு வைக்க வேண்டாம்; எருமைக்கு அது வாலும் குளம்பும் அழுகும் நோயைக் கொண்டுவரும். அந்தக் கட்டு எருக்குழிக்குப் போகட்டும்.